கற்பூரவல்லி இலையை வீட்டில் எப்படி, எவ்வளவு, யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மாடியில் ஆறு தொட்டிகளில் கற்பூரவல்லி இருக்கிறது. எல்லாமே ஒரே தாய்ச்செடியின் கிளைகள். ஐப்பசி மழை தொடங்கித் தெருவில் இருமல் சத்தம் கேட்க ஆரம்பித்ததும், யாராவது வந்து "அக்கா, ரெண்டு இலை வேணும்" என்று வாசலில் நிற்பார்கள். இலையை வாங்கிக்கொண்டு கூடவே ஒரு கேள்வியும் கேட்பார்கள். கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா, மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறதே சாப்பிடலாமா, பச்சையாக மெல்லலாமா என்று. வாசலில் நின்றபடி அவசரமாகச் சொன்ன பதில்களைத்தான் இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. முப்பது வருடமாகச் சமைப்பவள், இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். இந்த இலை மேல் எனக்குப் பிரியம் அதிகம். அதனாலேயே இதைத் தப்பாகக் கொடுத்து ஒரு குழந்தை திணறுவதைப் பார்க்கும்போது மனசு ரொம்பவும் சங்கடப்படுகிறது.

கற்பூரவல்லி, ஓமவல்லி, ஓமச்செடி எல்லாம் ஒன்றா?

பெரும்பாலும் ஒரே செடியைத்தான் சொல்கிறார்கள். தடித்த, மெத்தென்ற இலை, கசக்கினால் ஓமத்தின் வாசனை. ஆனால் கடையில் வாங்கும் ஓமம் வேறு செடியின் விதை. அது சீரகம், கொத்தமல்லி இவற்றின் குடும்பம். கற்பூரவல்லி துளசி, புதினா குடும்பம். இரண்டிலும் தைமால் என்ற வாசனைப் பொருள் இருப்பதால் மூக்குக்கு ஒன்றுபோலத் தெரிகிறது. கற்பூரவல்லியில் கார்வக்ரால் என்ற இன்னொன்றும் உண்டு. நாக்கில் சுருக்கென்று ஏறும் அந்தக் காரம் இவற்றால் வருவது. மண்ணையும் வெயிலையும் பொறுத்து இவற்றின் அளவு மாறும், அதனால்தான் ஒரு வீட்டு இலை சாதுவாகவும் இன்னொரு வீட்டு இலை நெருப்பாகவும் இருக்கிறது.

தாவரவியல் பெயர் கோலியஸ் அம்பாய்னிகஸ். இந்தோனேசியாவின் அம்போன் தீவை வைத்து வந்த பெயர், 1790-இல் லூரெய்ரோ என்ற போர்த்துகீசியர் எழுதி வைத்தது. பழைய புத்தகங்களில் பிளெக்ட்ரான்தஸ் என்று இருக்கும், குழம்ப வேண்டாம். பிலிப்பைன்ஸில் இதையே ஓரிகானோ என்கிறார்கள். பீட்சா மேல் தூவும் ஓரிகானோ வேறு செடி, அதிலும் கார்வக்ரால் இருப்பதால் வாசனை நெருங்கி வரும். கற்பூரவல்லி வாழைக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பெயரில் கற்பூரம் இருக்கிறதே, இலைக்குப் பதில் கற்பூரத்தைப் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. இந்தக் கேள்வியை ஒரு தாத்தா என்னிடம் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இலையின் காரத்துக்குக் காரணம் நான் மேலே சொன்ன இரண்டும்தான், கற்பூரம் இல்லை. பூஜைக் கற்பூரம் சிறு குழந்தையின் வாயில் கொஞ்சம் போனாலே வலிப்பு வரலாம். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துக் குழந்தையின் நெஞ்சில், மூக்கில் தடவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தோல் வழியாகவும் அது உடம்புக்குள் போகும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கற்பூரம் கலந்த எதையும் தடவ வேண்டாம், அது கடையில் வாங்கிய தைலமாக இருந்தாலும் சரி. கற்பூர டப்பாவை ஊதுபத்தி, தீப்பெட்டியோடு சேர்த்துக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தவழும் குழந்தைக்கு அது கற்கண்டு மாதிரித்தான் தெரியும்.

சரியான செடிதானா என்று எப்படி உறுதிசெய்வது?

மூன்று விஷயம் பாருங்கள். இலை தடிப்பாக, இரண்டு பக்கமும் மெல்லிய ரோமத்தோடு இருக்க வேண்டும். தண்டில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக வர வேண்டும். கசக்கினால் ஓம வாசனை தூக்க வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை.

அதிகமாகக் குழப்புவது ரணகள்ளி. அதுவும் தடித்த இலை, அதன் ஓரமும் வளைவு வளைவாக இருக்கும். ஆனால் இலை வழவழப்பாக இருக்கும், ஓம வாசனை வராது. ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைப்பதும் அதில்தான். ரணகள்ளியில் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய பொருட்கள் உண்டு, அதை இருமலுக்கென்று மெல்லக் கூடாது. நர்சரிகளில் விக்ஸ் செடி என்று ஒன்று விற்கிறார்கள். வெல்வெட் போன்ற சிறு இலை, வாசனை தைலம் மாதிரி. முகர்ந்து பார்க்க நன்றாக இருக்கும், சமையலுக்கு வேண்டாம். வெள்ளை ஓரம் போட்ட கற்பூரவல்லியும் உண்டு, ஓம வாசனை இருந்தால் அது இதே இனம்தான். சந்தேகம் இருந்தால் சாப்பிடாதீர்கள், தெரிந்தவரிடம் ஒரு கிளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தினமும் சாப்பிடலாமா? எத்தனை இலை?

சமையலில் சேரும் அளவு பெரியவர்களுக்குத் தினமும் பரவாயில்லை. இதற்கென்று அதிகாரபூர்வமாக வகுத்த அளவு எதுவும் இல்லை, நான் வைத்திருப்பது சமையலறைக் கணக்கு. நாலு பேர் ரசத்துக்கு நாலைந்து இலை, துவையலென்றால் ஒரு கைப்பிடி. கறிவேப்பிலை, கொத்தமல்லியை எப்படிப் பார்க்கிறோமோ அப்படியே இதையும் பார்க்கலாம்.

சிக்கல் வருவது இலை மருந்தாக மாறும்போது. காலையில் வெறும் வயிற்றில் பத்து இலையைச் சாறு பிழிந்து ஒரே மடக்காகக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கார்வக்ராலும் தைமாலும் அடர்த்தியாகப் போனால் உணவுக்குழாயும் இரைப்பையும் எரியும். ஏற்கெனவே நெஞ்செரிச்சலோ வயிற்றுப்புண்ணோ உள்ளவருக்கு அது இன்னும் கஷ்டம். பச்சையாக மெல்ல ஆசையா, ஒரு இலை போதும், சாப்பாட்டுக்கு அப்புறம்.

சமையலில் எப்படிச் சேர்ப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிறையப் பேர் இதை மருந்துச் செடி என்றே நினைத்துத் தொட்டியோடு விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

ரசத்தில் போடுவதென்றால் நுரை கட்டி வரும்போது இலையைக் கையால் கிள்ளிப் போட்டு உடனே அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். வாசனை ஆவியாகிப் போகும் வகை, கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், ரசம் மணக்காது. மிளகும் பூண்டும் தூக்கலாக உள்ள ரசத்துக்கு இது பொருந்தும். பருப்பு ரசத்தில் போட்டால் பருப்பின் இனிப்பை அடித்துவிடும்.

துவையலுக்கு உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கொஞ்சம் புளி, தேங்காய். இலையை வாணலியில் சுருங்கும் வரை வதக்கிக் கடைசியில் சேர்த்து அரைக்க வேண்டும். வதக்காமல் அரைத்தால் தொண்டையைப் பிடிக்கும். தயிர்ப் பச்சடிக்கு நான் இரண்டு மூன்று இலையைப் பொடியாக நறுக்கி நெய்யில் ஒரு புரட்டுப் புரட்டி, ஆறவிட்டுத் தயிரில் கலப்பேன். வெயில் காலத்தில் தயிர்சாதத்துக்கு இதைவிடத் தோதான துணையை நான் பார்த்ததில்லை.

பஜ்ஜி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இலை தண்ணீரைத் தன் ரோமத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய கையோடு மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டால் படபடவென்று தெறிக்கும். கழுவி, துணியில் ஒற்றி, அரை மணி நேரம் நிழலில் பரப்பி உலரவிட்ட அப்புறம் பஜ்ஜி போடுங்கள். குழந்தைகள் ஆசையாக அடுப்புப் பக்கம் வந்து நிற்கும் பலகாரம் இது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உண்மையிலேயே இருமல், சளி குறையுமா?

தொண்டைக்கு இதமாக இருக்கிறது, அது என் அனுபவம். கார்வக்ரால், தைமால் இரண்டும் சோதனைக் குழாயில் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பது நெஞ்சுக்குள்ளும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. சாதாரணச் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே அடங்கும். அந்த நாட்களைச் சௌகரியமாகக் கடக்க வெந்நீர், மிளகு ரசம், இந்த இலை எல்லாம் உதவும். நிமோனியாவை, காசநோயை, வீசிங்கை இது குணப்படுத்தாது.

இதை நம்புவது நம் ஊர் மட்டுமில்லை. வியட்நாமில் இந்த இலையை நறுக்கி, கற்கண்டும் சின்ன நாரத்தை மாதிரியான புளிப்புப் பழமும் சேர்த்துக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்து, ஊறிவரும் சாற்றை இருமலுக்கு ஸ்பூனால் குடிக்கிறார்கள். கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் கற்பூரவல்லியும் ஒன்று.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் கலந்திருந்தது. அந்தச் செய்திக்கு அப்புறம் இலை கேட்டு வந்தவர்கள் அதிகம். சிரப்புக்குப் பயந்து இலைக்கு வருகிறார்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல் சிரப்பே கொடுக்க வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவைப்படாது என்று அப்போது மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது. ஆனால் சிரப் வேண்டாமென்று சொன்னதை, அதற்குப் பதில் இலைச்சாறு கொடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான சளிக்கு இரண்டுமே தேவைப்படாது.

மூன்று மாதக் குழந்தைக்குச் சளி. இலையை வாட்டிப் பிழிந்து நாலு சொட்டு கொடுக்கலாமா?

வேண்டாம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த வயதில் சாறு, கஷாயம், தேன் எதுவும் கூடாது.

காரணத்தை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். என் மூத்தவளுக்கு நான்கு மாதம். மூக்கடைத்துக்கொண்டு இரவெல்லாம் அழுதாள். நான்தான் இலையைத் தணலில் வாட்டி, பிழிந்து, தேன் குழைத்துப் பாலாடையில் புகட்டினேன். மூன்றாவது முறை புகட்டும்போது புரையேறியது. அழுகை நின்றுவிட்டது, உதடு நீலம் பூத்தது. குப்புறப் போட்டு முதுகில் தட்டி, அவள் மறுபடி அழுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். நல்லபடியாக வந்துவிட்டாள், இப்போது அவளே ஒரு தாய். அந்த மூன்று நிமிடம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

மூக்கடைத்த குழந்தை வாயால் மூச்சுவிடும். அந்த வாயில் காரமான, பிசுபிசுப்பான ஒன்றை ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்க வாய்ப்பு அதிகம். கையையும் காலையும் பிடித்துக்கொண்டு அழ அழப் புகட்டும்போது ஆபத்து இன்னும் கூடும். அப்புறம் தேன். அதில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதைத்துகள்கள் இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சு சுரக்கும். தசைகள் தளர்ந்து, பால் உறிஞ்ச முடியாமல், மூச்சே நிற்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். தேனைக் காய்ச்சினாலும் அந்தத் துகள்கள் சாகாது. சுத்தமான மலைத்தேன் என்பதாலும் இது மாறாது.

அப்படியானால் என்னதான் செய்வது? மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு இருக்கிறது. வெறும் உப்பும் நீரும்தான். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு மூக்கிலும் விட்டால் இளகும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்ப்பால் கொடுங்கள். வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை வேண்டாம். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நெற்றியிலும் உச்சியிலும் அரைத்துப் பற்றுப் போடுவதும் இந்த வயதில் வேண்டாம். பிஞ்சுத் தோல் சிவந்து கொப்புளிக்கும், சாறு வழிந்து கண்ணில் இறங்கினால் துடித்துவிடும்.

பாட்டிமார்களிடம் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். அவர்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள். "ஒரு வயசு ஆகட்டும் அத்தை, அப்புறம் உங்க கையாலேயே குடுங்க" என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு?

சாப்பாட்டின் வழியாகக் கொடுங்கள். ரசத்தில் ஒரு இலை போட்டு, அதை எடுத்துவிட்டுக் குழைந்த சாதத்தில் பிசைந்து ஊட்டலாம். இரவில் இருமினால் தூங்கப்போகும் முன் தேன் அரை ஸ்பூன், ஆறு வயதுக்கு மேல் ஒரு ஸ்பூன். தேனோடு ஒரு இலையின் சாற்றைக் கலப்பதென்றால் வெந்நீர் விட்டு நீர்த்துக் கொடுங்கள், பிள்ளை உட்கார்ந்து தானாகக் குடிக்க வேண்டும். வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிய மருந்து எனக்கும் என் தம்பிக்கும் சின்ன வயதில் கிடைத்தது, அந்த வழக்கம் எங்களோடு போகட்டும்.

எந்த நிலையில் கஷாயத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்?

தயவுசெய்து இதை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினால் எழாமல் துவள்வது, உதடு நீலமாவது, வலிப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெரியவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லையென்றால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பது இருந்தால் இரண்டு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் மூன்று மாதம் கஷாயத்திலேயே ஓட்டினார். கடைசியில் காசநோய் என்று தெரிந்தபோது அவர் மகனுக்கும் மருந்து வேண்டியிருந்தது. இலை அவருக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை, போன மூன்று மாதம்தான் கெடுதல்.

இலையைப் போட்டு ஆவி பிடிக்கலாமா?

பெரியவர்கள் பிடிக்கலாம், பாத்திரம் மேஜையின் நடுவில் ஆடாமல் இருக்க வேண்டும், அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் காரமான ஆவி மூச்சிரைப்பைத் தூண்டலாம், அவர்கள் தவிர்ப்பது நல்லது. குழந்தைகளைப் போர்வைக்குள் மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்க வைக்கவே கூடாது. பிள்ளை ஒரு உதை உதைத்தால் கொதிநீர் முழுவதும் தொடையில்தான்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள்?

ரசத்திலும் பஜ்ஜியிலும் வரும் அளவுக்குப் பயப்பட வேண்டாம். கர்ப்ப காலத்தில் சாறாக, கஷாயமாக, பொடியாகத் தொடர்ந்து எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த அளவில் பாதுகாப்பானதா என்று உறுதியாகச் சொல்லும் மனித ஆய்வுகள் போதுமான அளவு இல்லை. பால் கொடுப்பவர்கள் விஷயத்தில் ஒரு அழகான வழக்கம் உண்டு. இந்தோனேசியாவின் வடக்குச் சுமத்ராவில் பத்தாக் மக்கள் பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதம் வரை இந்த இலையைத் தேங்காய்ப்பாலில் சூப் மாதிரி சமைத்துக் கொடுக்கிறார்கள், தோர்பாங்குன் என்று பெயர். பால் நன்றாகச் சுரக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை, அதைப் பற்றி அங்கே ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. நம் பூண்டுக் குழம்பு மாதிரி அதுவும் சமைத்த உணவுதான். நீங்கள் ரசத்தில் போட்டுச் சாப்பிடலாம், குழந்தைக்கு வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள்?

சாப்பாட்டில் வரும் அளவு சரி. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் இந்த இலையின் சாரம் ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாகச் சொல்கிறார்கள். அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள், மாத்திரையோடு சேர்த்துத் தினமும் சாறு குடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். வார்ஃபரின் எடுக்கிறவர்கள் எந்த மூலிகையையும் மருந்தளவில் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், அந்த மாத்திரைக்குக் கீரையின் அளவு மாறினாலே ரத்தப் பரிசோதனை முடிவு மாறும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், என்னென்ன கஷாயம், பொடி, லேகியம் சாப்பிடுகிறீர்கள் என்று மயக்க மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். "அது வெறும் இலைதானே" என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வாமை வருமா?

எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு வரும். துளசி, புதினா, ஓரிகானோ இவற்றில் ஏதாவது ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல் முறை ஒரு துண்டு மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். வாய் அரிப்பு, உதடு வீக்கம், தடிப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும். தொண்டை அடைத்தால், மூச்சு வாங்கினால் 108. இலையைக் கசக்கிய கையோடு கண்ணைத் தொடாதீர்கள்.

கடையில் பொடி, எண்ணெய் விற்கிறார்களே?

செடி கிளையை நட்டாலே வரும்போது பொடி எதற்கு என்பது என் கேள்வி. காய்ந்தால் வாசனையில் பாதி போய்விடும், வேறு என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. காய்ச்சி வடித்த வாசனை எண்ணெய் வேறு சங்கதி. கூடை கூடையாக இலையைப் போட்டு எடுத்த அடர்த்தி அது, சொட்டுக் கணக்கில்கூட விழுங்கக் கூடாது, தோலில் நேராகத் தடவினாலும் எரியும். சித்த மருத்துவம் எடுப்பதென்றால் அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, அங்கே பட்டம் பெற்ற மருத்துவர் உங்கள் உடம்பைப் பார்த்து அளவு சொல்வார்.

தொட்டியில் வளர்ப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

நாலு விரல் நீளக் கிளையை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மண்ணில் சொருகினால் போதும். அதிகத் தண்ணீர்தான் இதற்கு எமன், மேல்மண் காய்ந்த அப்புறம் ஊற்றுங்கள். காலை வெயிலும் மதிய நிழலும் இருந்தால் இலை பெரிதாக, மென்மையாக வரும்.

சாப்பிடும் செடி என்பதால் எதில் வளர்க்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து கேன், பேட்டரிப் பெட்டி வேண்டாம். மாவுப்பூச்சி வந்தால் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், இல்லையென்றால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளியுங்கள். தெளித்த செடியிலிருந்து ஒரு வாரம் நான் இலை பறிப்பதில்லை. ரோஜாவுக்கு அடிக்கும் மருந்தைப் பக்கத்தில் அடித்தால் சாரல் இதன் மேலும் விழும். ரோட்டோரத் தொட்டியென்றால் புழுதியெல்லாம் அந்த ரோமத்தில் ஒட்டியிருக்கும். ஒரு பாத்திரத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு அலசி, பிறகு குழாயில் ஒவ்வொரு இலையாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

பறித்த இலையை ஈரமில்லாமல் காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். கறுத்து நொளநொளத்ததைத் தூக்கிப் போடுங்கள். கஷாயத்தை அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள், நேற்று வைத்ததைச் சூடு பண்ணிக் குடிக்க வேண்டாம்.

வீட்டில் நாய், பூனை இருக்கிறது. செடி வைக்கலாமா?

எட்டாத இடத்தில் வைக்கலாம். நமக்கு ஒத்துக்கொள்கிற வாசனை எண்ணெய் நாய்க்கும் பூனைக்கும் ஒத்துக்கொள்வதில்லை. நிறையத் தின்றால் வாந்தி, பேதி, சில சமயம் ரத்தப்போக்கும் வரும். நாய்க்குச் சளி என்று இந்தச் சாற்றை யாரும் கொடுத்துவிடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

ஜன்னலில் வைத்தால் கொசு வராதா?

செடி சும்மா நிற்பதால் கொசு போகாது, கசக்கினால்தான் வாசனையே வெளியே வரும். தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்து, உள்பக்கத்தை நார் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. என் ஆறு தொட்டிக்கும் நான் தட்டே வைப்பதில்லை, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறேன்.